பதினெட்டா, நாலா?

பேத்திக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு என்பது வானத்தில் முடிவாக வேண்டியிருந்தது. அவளைப் பார்க்க வெளிநாடு போகும் பயண நேரத்தைச் சரியாகச் சொல்பவர் பெயர் வைக்கலாம் என்று சம்பந்திகள் இருவரும் பந்தயம் கட்டியிருந்தார்கள். பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று இருவருக்கும் தோன்றவில்லை.

பெண்ணின் அப்பா நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஊருக்கு ஊர் நூலை இழுத்துப் பிடித்து, பல்லால் கடித்து, ஸ்கேலில் வைத்து, பதினெட்டு மணி நேரம் என்று தீர்ப்பளித்திருந்தார். பையனின் அப்பா வங்கி மேனேஜராக இருந்தவர். நூல் பிடிப்பதெல்லாம் அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

“டிக்கெட்டுலயே போட்டிருக்கான் சம்பந்தி. காலைல பத்துக்குக் கிளம்பி மத்தியானம் ரெண்டுக்கு இறங்குது. நாலு மணி நேரம்.”

“அது அந்த ஊரு ரெண்டு மணி சம்பந்தி.”

“ரெண்டு மணின்னா எல்லா ஊருலயும் ரெண்டு மணிதான்.”

நடு இருக்கையில் அளவைக்காரரின் மனைவி மாட்டிக்கொண்டார். சம்பந்தியம்மா பிரசவத்துக்கே போய்விட்டதால் தப்பித்தார்.

நாலு மணி நேரம் ஆனதும் மேனேஜர் தன் பெட்டியை இறக்கிக்கொண்டு கதவருகே போய் நின்றார். பணிப்பெண் ஓடி வந்தாள்.

“சார், கீழே கடல்.”

“பரவாயில்லம்மா, ஓரமா நிறுத்துங்க.”

ஒரு வழியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஏண்ணே, இறங்கலையா?” என்றார் அளவைக்காரரின் மனைவி.

“லேட் பண்றாங்க தங்கச்சி. என் பிராஞ்சா இருந்தா மெமோ கொடுத்திருப்பேன்.”

அளவைக்காரருக்கோ வேறு கவலை. எதிரே இருந்த திரையில் விமானத்தின் பாதை வில்லாக வளைந்திருந்தது.

“ஏம்மா, நேரா போகாம எதுக்கு மேல ஏறி வளைஞ்சு போறீங்க? மீட்டருக்காக சுத்துற மாதிரி இருக்கே.”

“பூமி உருண்டை சார். இதுதான் குறுக்கு வழி.”

“முப்பது வருஷம் நிலம் அளந்திருக்கேன். ஒரு மனைகூட உருண்டையா இருந்ததில்ல.”

மனைவி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

பதினாலரை மணி நேரத்தில் விமானம் தரையைத் தொட்டது. “வேற ஊருல இறக்கிட்டான்” என்றார் அளவைக்காரர். விமானத்தை விட்டு வெளியே வந்ததும் மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

“ரெண்டு. பேரு என் பொறுப்பு.”

“நாலு மணி நேரத்துலயா இவ்வளவு தாடி முளைச்சுது? மூணு தடவை சாப்பிட்டீங்களே, அது எந்தக் கணக்கு?”

அழைத்துப்போக வந்த மாப்பிள்ளையைப் பெட்டியைக்கூடத் தொட விடாமல் பிடித்து நிறுத்தி, யார் சொன்னது சரி என்று கேட்டார்கள். அப்பாவை விட்டுக்கொடுத்தால் அம்மாவிடம் வாங்க வேண்டும். மாமாவை விட்டுக்கொடுத்தால் மனைவியிடம்.

“ரெண்டு பேருமே சரிதான். ஆனா... பேரை நாங்களே வச்சு நேத்தே பதிவு பண்ணிட்டோம்.”

கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து எதிலுமே ஒத்துப்போகாத சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே குரலில் கேட்டார்கள்.

“நேத்துன்னா, எந்த ஊரு நேத்து?”