அளவெடுக்காத சைக்கிள்

சைக்கிள் கடையில் தையல்காரி நின்ற இடம் டயர்கள் தொங்கும் மூலை. கணவன் நின்ற இடம் விற்பனையாளனுக்கு நேர் எதிரே. சைக்கிள் என்னவோ அவளுக்குத்தான்.

இரண்டு வருடமாகத் தையல் கடை ஜன்னல் வழியே எதிர்க் குன்றின் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லும் வேருமாகக் கிடக்கும் அந்தச் சரிவில், தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்கள் குதித்து இறங்கும். வருகிற ஞாயிறு புதியவர்களுக்குப் பயிற்சி. துணிந்து பெயர் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரே கவலை. நாற்பது வயதில் கையை உடைத்துக்கொண்டால் மிஷினில் யார் உட்காருவது?

விற்பனையாளன் கியர், ஷாக், டிஸ்க் பிரேக் என்று மூச்சு விடாமல் அடுக்கினான், எல்லாம் கணவனிடம். பிரேக்கை ரொம்ப அழுத்த வேண்டுமா என்று அவள் கேட்டதற்கும் கணவனைப் பார்த்தே பதில் சொன்னான். பிறகு ஓரத்தில் தூசி படிந்து நின்ற பெரிய சைக்கிளை உருட்டி வந்தான். ஆறடிக் கணவன் அதன்மேல் காலைப் போட்டு நின்றான்.

"எனக்கே கச்சிதமா இருக்கு. உனக்கு இல்லாம போகுமா?"

கெட்டவன் இல்லை. கட்டிலிலிருந்து கண்ணாடி வரை வீட்டுக்கு எல்லாம் அவன் அளவு பார்த்துத்தான் வந்தது.

கண்ணாலேயே அளவெடுத்துப் பழகிய அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நடுக்கம்பி உயரம் அதிகம் என்று. ஆனாலும் மலைச் சைக்கிளே இப்படித்தானோ, கேட்டால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எப்படியோ ஏறினாள். கடை வாசலின் சரிவு நேரே சாலையில் போய் முடிந்தது. எதிரே லாரி. பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நின்றுவிட்டது, கால்தான் தரைக்கு எட்டவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். லாரியின் பின்சக்கரம் கைக்கு எட்டும் தூரத்தில் உருண்டு போனது.

கணவன் ஓடிவந்து தூக்கினான். அவள் முழங்கையில் ரத்தம்.

"பழகிட்டா சரியாயிடும் சார்," என்றான் விற்பனையாளன். கணவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, இத்தனை வருஷமா உங்க சட்டைய நான்தான் தைக்கிறேன். ஒரு நாளாவது என் உடம்புல வச்சுப் பாத்து வெட்டியிருக்கேனா?"

அவள் விற்பனையாளன் பக்கம் திரும்பினாள்.

"என் உள்கால் நீளம் இருபத்தெட்டு இஞ்ச். அதுக்கு எது சரியா வரும்?"

அவன் பழக்கத்தில் கணவனைப் பார்த்தான்.

"அவங்களப் பாத்துச் சொல்லுங்க," என்றான் கணவன்.

உள்ளேயிருந்து சின்னது ஒன்று வந்தது. நடுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் அவள் பாதங்கள் முழுசாகத் தரையில் பதிந்தன. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கணவனிடம் சொன்னாள்:

"ஒருத்தர் உயிர நம்பி ஏறுற பொருள, அவங்களக் கேக்காம வாங்கக் கூடாது. கேக்காதது உங்க தப்பு. தெரிஞ்சும் வாயத் தொறக்காம நின்னது என் தப்பு. நடுவுல லாரி வந்துதான் ரெண்டு பேருக்கும் புரியணுமா?"