அரைப் போத்தலுக்கு எத்தனை வரி

அருளம்பலத்துக்கு இரண்டு தோள்மூட்டும் கழன்று விழுகிற மாதிரி நொந்தன. முதல்நாள் விடியப்புறம் தொடங்கி மத்தியானம் வரை கிணற்றுத் துலாவால் இறைத்தது. கையை உயர்த்தித் தலைக்குச் சீப்பு இழுக்க முடியவில்லை. இழுக்காமலே விவசாய சங்கத்துக்கு வந்திருந்தார்.

வீட்டில் தண்ணீர் இறைக்கிற மெசின் இருந்தது. சண்டையால் ஊருக்கு எண்ணெய் வராத அந்த நாளில் மூன்று போத்தல் மண்ணெண்ணெயும் இருந்தது. ஆனால் அது வியாழக்கிழமைக் கடைசி இறைப்புக்கு. குத்தகைக்கு எடுத்த ஆறு பரப்புக் காணியில் வெங்காயம். ஒரு போத்தலுக்கு இரண்டு பரப்பு நனையும். கடைசி இறைப்புத் தவறினால் வெங்காயம் பருக்காது.

அன்று செவ்வாய்க்கிழமை. சங்கத் தலைவர் தம்பிஐயா கூப்பிட்டு அனுப்பியது அந்த மூன்று போத்தலுக்காகத்தான்.

"உம்மட்டைத்தான் எண்ணெய் இருக்காம்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது. நாளைக்குப் பின்னேரத்துக்கை அரசாங்கக் கந்தோருக்குப் பேர் லிஸ்ற் குடுக்க வேணும். குடுத்தால்தான் மெசினுக்கு எண்ணெய் தருவாங்கள். ஆளுக்குப் பத்துப் போத்தல். கையாலை எழுதினதை எடுக்கமாட்டாங்களாம்."

சங்கத்துத் தட்டச்சு மெசினின் றிபன் தேய்ந்து வெறுஞ்சீலையாகியிருந்தது. புது றிபன் ஊரில் எங்கேயும் இல்லை. மிஞ்சியது கொம்பியூட்டர். வெளிநாட்டிலிருந்த ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. கறண்ட் போய் மூன்று வருசமாக அதன்மேல் விதைவெங்காயப் பிடிகள் கிடந்தன. பிறின்ரரும் அதற்கான உடைக்காத றிபனும் அலுமாரிக்குள் இருந்தன. ஜெனரேற்றரும் இருந்தது. எண்ணெய்தான் இல்லை.

"முதல் பரல் எண்ணெய் வந்த உடனை உமக்கு மூண்டு போத்தலும் திருப்பித் தருவன். சங்கத்தின்ரை கடன்" என்றார் தம்பிஐயா.

அருளம்பலம் வீட்டுக்குப் போய் மூன்று போத்தலையும் கொண்டுவந்தார்.

சங்கத்து எழுத்தர் பாலேஸ்வரி வெங்காயப் பிடிகளை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பிளொப்பியை மேசையில் வைத்தாள். எழுதுகிற புறோகிராம் அவற்றில்தான் இருந்தது. ஒன்று கொம்பியூட்டரோடு வந்த இங்கிலீசு. மற்றது கனடாவில் இருக்கும் ஊர்ப் பெடியன் ஒருவன் தானே செய்து அனுப்பிய தமிழ். அதில் இங்கிலீசு எழுத்தை அழுத்தினால் தமிழ் எழுத்து விழும். தமிழ்த் தட்டச்சில் கை பழகிய பாலேஸ்வரிக்கு ஒவ்வொரு எழுத்தையும் தேட வேண்டியிருந்தது.

"எது நல்லது, பிள்ளை?" என்று தம்பிஐயா கேட்டார்.

"என்ன எழுதப் போறம் எண்டதைப் பொறுத்தது."

பக்கத்துத் தோட்டக்காரன் நடராசா வாசலில் குந்தியிருந்தான். "உந்தக் கதையை விடு தங்கச்சி. எது எண்ணெய் கூடக் குடிக்கும்?"

"புறோகிராம் எண்ணெய் குடிக்கிறேல்லை, அண்ணை. ஜெனரேற்றர்தான் குடிக்கிறது."

"தோட்டத்திலையும் மெசின்தான் குடிக்குது. குழாய் நீளமெண்டால் கூடக் குடிக்கும். உதிலை எது நீளக் குழாய்?"

பாலேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "கனடாக்காரன்ரை" என்றாள்.

"எவ்வளவு நீளம்?" என்று அருளம்பலம் கேட்டார். அது அவளுக்குத் தெரியவில்லை.

தெரியாததை அறிய அந்த ஊரில் ஒரு வழி இருந்தது. புது மெசின் வாங்குகிறவன் காசு கொடுக்கமுன் அரைப் போத்தல் எண்ணெய் விட்டு, அது நிற்கும்வரை எத்தனை பாத்தி நனைகிறது என்று எண்ணிப் பார்ப்பான். கொம்பியூட்டருக்கும் அப்படியே பார்ப்பதென்று முடிவாயிற்று. எண்ணெய்க்காரர் அருளம்பலம் என்பதால் தீர்ப்பும் அவருடையது.

பாலேஸ்வரி மட்டும் மறுத்தாள். "எண்ணெய் முடிஞ்சு நிண்டால் அடிச்சதெல்லாம் போயிடும். இடைக்கிடை சேவ் பண்ண வேணும். அதுக்கும் நேரம் எடுக்கும்."

"எங்கை போறது?" என்றான் நடராசா. "மெசின் நிண்டால் பாத்திக்கை விட்ட தண்ணி திரும்பக் கிணத்துக்கை போகுதோ? எண்ணெயைப் பழுதாக்காமல் அடி பிள்ளை."

அவள் அடித்தாள். முதலில் இங்கிலீசு. அரைப் போத்தல் முடிந்து ஜெனரேற்றர் இருமி நின்றபோது எழுபது வரி. திரை கறுத்தது. அடுத்த அரைப் போத்தல் விட்டுப் போட்டபோது எழுபது வரியும் இல்லை.

"சொன்னன்" என்றாள். "இதுக்காவது சேவ் பண்ணட்டோ?"

"அதுக்கொரு நீதி, இதுக்கொரு நீதியோ?" என்றான் நடராசா.

கனடாப் பிளொப்பி அரைப் போத்தலுக்கு முப்பத்தொரு வரி அடித்தது. அதுவும் போயிற்று. ஒரு போத்தல் முடிந்திருந்தது. பேப்பரில் ஒரு எழுத்தும் இல்லை.

அருளம்பலம் கணக்குப் பார்த்தார். சங்கத்தில் தொண்ணூற்றாறு பேர். இங்கிலீசில் என்றால் அடித்து, பிறின்ற் எடுக்க ஒரு போத்தல். மிச்சம் ஒரு போத்தலுக்கு இரண்டு பரப்பாவது நனையும். தமிழில் என்றால் மிச்ச இரண்டு போத்தலும் தீரும்.

"இங்கிலீசுதான்" என்று தம்பிஐயா எழுந்தார். "கந்தோரிலை எந்தப் பாஷையெண்டாலும் எடுப்பாங்கள்."

"அதிலை என்ரை பேர் எங்கை கிடக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அருளம்பலம் கேட்டார்.

"நான் காட்டுறன்."

"போன வருசமும் நீங்கள்தான் காட்டினியள், தலைவர்."

போன வருச லிஸ்ற் இங்கிலீசுத் தட்டச்சு. தம்பிஐயா விரல் வைத்த இடத்தில் அருளம்பலம் கையெழுத்து வைத்தார். எண்ணெய் வந்த நாளில் அவருடைய பேர் லிஸ்ற்றில் இல்லை என்று சொன்னார்கள். அவர் கையெழுத்து வைத்தது, அவருக்குக் குத்தகை தந்த காணிக்காரர் பொன்னம்பலத்தின் பேருக்கு நேரே. பொன்னம்பலம் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார். அவருடைய எண்ணெயை எடுத்தவர் அவருடைய மச்சான் தம்பிஐயா.

அருளம்பலம் தோளைப் பிசைந்தபடி இரண்டு பிளொப்பியையும் பார்த்தார். "கனடாவைப் போடு, தங்கச்சி" என்றார்.

"உனக்கென்ன விசரே?" என்றான் நடராசா. "வெங்காயம்?"

"துலாவாலை இறைப்பன்."

"உந்தத் தோளாலையோ?"

அருளம்பலம் கதிரையை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். பாலேஸ்வரி சங்கப் பதிவுக் கொப்பியைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பத்து வரிக்கு ஒருமுறை சேவ் பண்ணினாள்.

ஐம்பத்தெட்டாவது வரியில் பொன்னம்பலம், ஆறு பரப்பு என்று விழுந்தது.

"நிப்பாட்டு" என்றார் அருளம்பலம்.

"கொப்பியிலை அப்பிடித்தான் கிடக்கு" என்றார் தம்பிஐயா. "காணி அவர்ரைதானே?"

"காணி அவர்ரை. மெசின் என்ரை. எண்ணெய் காணிக்கோ, மெசினுக்கோ?"

பாலேஸ்வரி கந்தோர் அறிவித்தலை எடுத்து வாசித்தாள். "மெசின் வைச்சிருக்கிற ஆளுக்கெண்டுதான் போட்டிருக்கு" என்றாள். இருவர் முகத்தையும் பார்க்காமல் பொன்னம்பலத்தை அழித்து அருளம்பலத்தை அடித்தாள். தட்டச்சு மெசின் என்றால் முழுத் தாளும் திரும்ப அடிக்க வேண்டும். இதில் அந்த ஒரு பேர்தான்.

கடைசித் தாள் வெளியே வந்து சிறிது நேரத்தில் ஜெனரேற்றர் நின்றது. மூன்று போத்தலும் வெறும் போத்தல்.

"சேவ் பண்ணினனியோ?" என்று நடராசா கேட்டான்.

"ஓம்."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அருளம்பலம் துலாவால் இறைத்தார். இரண்டு பரப்பு நனைந்தது. சனிக்கிழமை கை எழும்பவில்லை. மற்ற நாலு பரப்பு வெங்காயமும் சுண்டங்காய் அளவில் நின்றது.

எண்ணெய் ஐந்து கிழமை கழித்து, வெங்காயம் கிண்டி அறுவடை முடிந்த பிறகு வந்தது. கந்தோர் முத்திரை குத்திய லிஸ்ற்றைச் சங்கக் கதவில் ஒட்டினார்கள். ஒவ்வொருவரும் தன் பேரில் விரல் வைத்து வாசித்துவிட்டுப் போத்தலை நீட்டினார். ஐம்பத்தெட்டு, அருளம்பலம், பத்துப் போத்தல். எடுத்துக்கொண்டார். பிறகு தம்பிஐயாவிடம் போனார்.

"என்ரை மூண்டு போத்தல்?"

"எதிலையிருந்து தர?" தம்பிஐயா கதவைக் காட்டினார். "நீர்தானே எல்லாரும் வாசிக்க வேணுமெண்டு நிண்டனீர். வாசியும். எல்லாப் போத்தலுக்கும் ஒரு பேர் இருக்கு. ஆற்றை பேரிலை எடுத்து உமக்குத் தாறது? சங்கத்துக்கெண்டு ஒரு வரி கிடக்கோ?"

அருளம்பலம் ஒன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை வாசித்தார். அப்படி ஒரு வரி இல்லை.

"ஒரு வரி சேர்க்கேலாதோ, தங்கச்சி?"

"அடுத்த லிஸ்ற்றிலை சேர்க்கலாம், அண்ணை" என்றாள் பாலேஸ்வரி. "ஆனால் கொம்பியூட்டரைப் போட எண்ணெய் வேணும்."

அவர் தன் பத்துப் போத்தலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விவசாய சங்கம் அருளம்பலத்துக்கு மூன்று போத்தல் மண்ணெண்ணெய் கடன்.