கதாநாயகி என்ன சொன்னாள்?

புரட்டாசி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் காதுக்கு ஓய்வு கிடையாது. பகலெல்லாம் தறிச் சத்தம். விளக்கு வைத்ததும் ஒலிபெருக்கிச் சத்தம். நவராத்திரி ஒன்பது நாளும் அம்மன் கோயிலில் கச்சேரி. ஒரு தெருவில் வில்லுப்பாட்டு, அடுத்த தெருவில் கதாகாலட்சேபம், மைதானத்தில் கொட்டகை போட்டு நாடகம். மழை வரலாம், வராமல் போகலாம். வித்வான்கள் மட்டும் தவறாமல் வந்து இறங்கிவிடுவார்கள்.

ஏலவார்குழலிக்கு இந்த மாதம் என்றால் உயிர். பட்டு நெய்யும் குமாரசாமியின் மனைவி அவள். கோயில் மண்டபத்தில் ஒரு தூணோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தாளானால் மங்களம் பாடும்வரை எழுந்திருக்கமாட்டாள். ராகத்தின் பெயரெல்லாம் தெரியாது. அபிப்பிராயத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. இந்த வருஷம் வந்த பாட்டுக்காரருக்குப் பாட்டைவிட இருமல் சுருதியாக வருகிறது என்றாள். பிடில்காரர் முகத்தை அவ்வளவு சோகமாக வைத்துக்கொள்வதற்கு அப்படி என்ன நடந்துவிட்டது என்று கேட்டாள்.

இத்தனை பெரிய ரசிகைக்கு ஒரே ஒரு குறை. அவள் நாடகம் பார்த்ததில்லை. அதிலும், சொந்தப் புருஷன் எழுதி நடிக்கும் நாடகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நெசவாளர் கலா மன்றத்தின் ஆசிரியர், இயக்குநர், கதாநாயகன், எல்லாமே குமாரசாமிதான். நவராத்திரிக்கு நவராத்திரி ஒரு சீர்திருத்த நாடகம். சமூகத்தில் ஒரு சீர்கேடு பாக்கி இருக்கும்வரை அவன் பேனாவை மூடுவதாக இல்லை. ஒரு வருஷம் தீண்டாமை ஒழிப்பு. அதில் சேரி இளைஞன் வேஷத்துக்கு ஆள் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள், சேரியைத் தவிர. அடுத்த வருஷம் மதுவிலக்கு. அந்த நாடகம் முடிந்த கையோடு நடிகர்களில் சிலர் எங்கே போனார்கள் என்பதைப் பற்றி மன்றத்தில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை. இந்த அறுபத்தொன்பதாம் வருஷம் பெண் விடுதலையின் முறை வந்தது. நாடகத்துக்கு 'உடைபட்ட தாழ்ப்பாள்' என்று பெயர். கதாநாயகியாக நடிப்பவன் சைக்கிள் கடை வேணுகோபால். மன்றத்தின் நிரந்தரக் கதாநாயகி. புரட்டாசி வந்தால் மீசையை எடுத்துவிடுவான்.

மன்றத்துக்காரர்கள் வீட்டுப் பெண்கள் கொட்டகைக்கு வருவதில்லை. யார் போட்ட சட்டமோ, எப்போது போட்டதோ, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கோயில் கச்சேரிக்குப் போகலாம், நாலு வீட்டுக் கொலுவுக்குப் போகலாம், கொட்டகை மட்டும் கூடாது.

ஆனால் குழலிக்கு நாடகத்தில் பாதி மனப்பாடம். அது எப்படி என்றால், அவர்கள் வீட்டில் இருந்தது கோர்வைத் தறி. புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோர்த்து நெய்வது. ஒற்றை ஆளால் ஆகிற காரியம் இல்லை. குமாரசாமி தறிக்குழியில் காலை விட்டு மிதியை மிதித்து, நூல் சுற்றிய தன் நாடாவைத் தள்ளுவான். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் குழலி கரை நாடாவைக் கோர்த்துவிட்டு, "ஆச்சு" என்பாள். அந்த ஆச்சு கேட்டால்தான் அவன் நூலை இறுக்கும் பலகையை இழுத்து அடிப்பான். அப்புறம் அடுத்த மிதி, அடுத்த நாடா.

வசனத்தையும் அவன் இங்கேயேதான் பாடம் பண்ணுவான். தனியாக உட்கார்ந்து படிக்க நேரம் ஏது?

"பெண்ணே! நீ அடுப்படியில் பிறந்தவள் அல்ல!" நாடா ஓடும்.

"ஆச்சு."

"உன் கண்ணீருக்கு இந்தச் சமுதாயம் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்!"

"ஆச்சு."

இப்படியே ஒரு மாதம். கதாநாயகன் பேசுவதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவன் எங்கே கோபப்படுவான், எங்கே குரல் தழுதழுக்கும் எல்லாம் அத்துப்படி. தெரியாதது ஒன்றுதான். இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தக் கதாநாயகி என்ன சொல்வாள்? வருஷா வருஷம் இதே கதைதான். ஒருத்தன் பேசுவது காதில் விழுகிறது; எதிரில் இருப்பவள் பேசுவது விழுவதில்லை. கதவிடுக்கில் நின்று பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பது போல ஆகிவிட்டது அவள் பிழைப்பு.

"ஏங்க, கண்ணீருக்குக் கணக்கு கேக்குறீங்களே, அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அது வேணுகோபால் பாடம். எனக்கு எதுக்கு?" என்றான் குமாரசாமி.

"எழுதினது நீங்கதானே?"

"எழுதினேன். அதெல்லாம் ஞாபகத்துல வெச்சுக்கினு இருக்க முடியுமா? கரையைப் பாரு, நூல் தளருது."

குழலி கரையைப் பார்த்தாள். பிறகு மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் நான் நாடகத்துக்கு வரேங்க. ஓரமா உக்காந்து பாத்துட்டு வந்துடுறேன்."

குமாரசாமிக்குச் சிரிப்பு வந்தது. பைத்தியமே என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "அங்க கண்டவனும் வருவான், விசிலடிப்பான். நம்ம வீட்டுப் பொம்பளை அங்க வந்து குந்தினா நாலு பேரு இன்னா பேசுவாங்க? கோயில் கச்சேரிக்குத்தான் போறியே, போதாதா?" என்றான். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், "பெண்ணே! உன் சிறகுகளை வெட்டியது யார்?" என்று நாடாவைத் தள்ளினான்.

குழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கை தன் வேலையைச் செய்தது. "ஆச்சு," என்றாள்.

சரஸ்வதி பூசையன்று தறிக்கு ஓய்வு. தறிக்கும் நாடாவுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிட்டுவிட்டால் அன்று யாரும் தறியில் காலை வைக்கமாட்டார்கள். அன்று சாயங்காலம்தான் நாடகம். குமாரசாமி காலையிலிருந்து வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். முகம் சரியில்லை. பாடத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத் தறி இல்லையே என்பதுதான் காரணம் என்று அவனுக்கே தெரியவில்லை. மத்தியானமே கிளம்பிப் போய்விட்டான்.

அவன் போன பிறகு பூசணிக்காய்க் கூடையோடு பொன்னியம்மாள் வந்தாள். பக்கத்து மாகறல் கிராமத்தில் இருந்து தினம் காய் கொண்டுவந்து விற்கிறவள். நிலபுலம் உள்ள குடும்பம்தான். விளைந்ததைத் தானே விற்றால்தான் அவளுக்குத் திருப்தி. காஞ்சிபுரத்து நாடகம் ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவாள்.

"இன்னாமா, உங்கூட்டுக்காரு நாடகம் இன்னிக்கி. நீ கெளம்பலையா?" என்றாள்.

"நாங்கல்லாம் கொட்டாய்க்கு வரதில்லக்கா."

"ஏன், கொட்டா இன்னா கடிக்குமா? எங்கூர்ல கூத்துன்னா வண்டி கட்டிக்கினு போவோம், புள்ளகுட்டியோட. வாம்மா. பொம்பளைங்களுக்குத் தனியா தட்டி கட்டி வெச்சிருக்காங்க. உன்ன யாரு பாக்கப் போறாங்க?"

குழலி ஒரு நிமிஷம் யோசித்தாள். கதாநாயகி என்ன சொல்வாள் என்று தெரியாமல் இன்னொரு வருஷமா? பூட்டை எடுத்துக் கதவில் மாட்டினாள்.

கொட்டகையில் மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் மணலில் பெண்கள். எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரிகள், வேர்க்கடலையும் பேச்சுமாக. நெசவுத் தெருவிலிருந்து வந்தவள் குழலி ஒருத்திதான். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பொன்னியம்மாளுக்குப் பின்னால் பதுங்கினாள். மனத்தில் இருந்தது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரை விலகியது. ஆர்மோனியம் இழுத்தது. ரோஸ் பவுடரும் ஜிப்பாவுமாகக் குமாரசாமி வந்து நின்றான். என் புருஷனா இது, இவ்வளவு நன்றாக இருக்கிறாரே என்று குழலிக்குப் பெருமை பொங்கியது.

"பெண்ணே! நீ அடுப்படியில் பிறந்தவள் அல்ல!" என்று கர்ஜித்தான் குமாரசாமி.

கைதட்டல். அப்புறம் நிசப்தம். குமாரசாமி அடுத்த வசனத்துக்குப் போகவில்லை. வாயைத் திறந்தபடி நின்றான். வலது கால் தானாகத் தரையை ஒரு மிதி மிதித்தது. கை ஒரு தள்ளுத் தள்ளி அந்தரத்தில் நின்றது. ஓரத்திலிருந்து, "கண்ணீருக்கு... கண்ணீருக்கு..." என்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் தொண்டை கிழியச் சொன்னார். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. நெற்றியில் வேர்வை, பவுடர் வழிந்தது. பின்னாலிருந்து முதல் விசில் வந்தது.

எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறான் என்பது அந்தக் கொட்டகையில் ஒருத்திக்குத்தான் தெரியும். யோசித்திருந்தால் அவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள். யோசிக்கவில்லை.

"ஆச்சு!"

"உன் கண்ணீருக்கு இந்தச் சமுதாயம் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்!" மடை திறந்த மாதிரி வந்தது வசனம். கால் மிதித்தது. மறுபடி நின்றான்.

"ஆச்சு."

தட்டிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்த நெசவாளர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "டேய், தறியிலயே பாடம் பண்ணிட்டு வந்துட்டான்டா!" என்று ஒருவர் கத்த, கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. குமாரசாமியும் குரலை அடையாளம் கண்டுகொண்டான். அவன் முகத்தில் முதலில் பிழைத்தோம் என்கிற நிம்மதி வந்ததையும், அதன் பின்னாலேயே கோபம் வந்ததையும் குழலி இங்கிருந்தே பார்த்தாள். வீட்டுக்குப் போனால் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது நிறுத்தினால் மானம் போவது அவனுக்குத்தான். ஆகவே அவள் ஆச்சு சொல்ல, அவன் வசனம் சொல்ல, நாடகம் நடந்தது. போகப்போக ஊர்க்காரிகளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

இந்த அமளியில் கடைசியாக வந்தது அவள் காத்திருந்த நேரம். வேணுகோபால் கொண்டையும் தாவணியுமாக முன்னால் வந்தான். குழலி முந்தானையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தான்!" என்றான் வேணுகோபால். விம்மினான். "எல்லாம் உங்கள் சித்தம், அத்தான்!"

அடுத்த காட்சியிலும் அத்தான். அதற்கடுத்த காட்சியில் இரண்டு அத்தான், ஒரு மயக்கம். அதற்கும் அடுத்ததில், "நான் என்ன அறிவேன், பேதைப் பெண்!" என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதான்.

குழலிக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவுதானா? அந்த மனுஷன் தொண்டை வறளக் கேட்ட கேள்விக்கெல்லாம் இதுவா பதில்? இதைக் கேட்கவா வருஷக்கணக்காக ஏங்கினேன்? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"இன்னாமா இது, எப்பப் பாத்தாலும் அழுவுது?" என்றாள் பொன்னியம்மாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா?"

கடைசிக் காட்சி. இது முந்தின நாள் மன்றத்தில் உட்கார்ந்து அவசரமாக எழுதிச் சேர்த்தது, தறியில் ஓடாதது. குழலிக்கே புதிது. அதனாலோ என்னவோ குமாரசாமி இதில் மட்டும் தடங்கலில்லாமல் பேசினான். கூட்டம் தன் பக்கம் திரும்பிவிட்ட உற்சாகம் வேறு. மேடை விளிம்புக்கு வந்து, தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான்.

"தாய்க்குலமே! வாசற்படியைத் தாண்டவிடாமல் உங்களைத் தடுத்து நிறுத்துகிறவன் யார்? எவன் அவன்? அவனை எனக்குக் காட்டுங்கள்!"

கைதட்டலுக்காக நிறுத்தினான். கைதட்டல் வருவதற்குள் குழலி எழுந்து நின்றுவிட்டாள். தலையில் முந்தானை இல்லை.

"நீங்கதாங்க!" என்றாள்.

கொட்டகை ஆரவாரத்தில் வெடித்தது. விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தன. தூணோரம் அழுதுகொண்டிருந்த வேணுகோபால், "ஐயய்யோ, எங்கூட்டுக்காரியும் கேப்பாளே!" என்று சொந்தக் குரலில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். திரை இழுக்கிறவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். "அடுத்த வசனம்பா, அடுத்த வசனம்!" என்று ஓரத்திலிருந்து கூப்பாடு.

குமாரசாமி விரித்த கையை மடக்க மறந்து நின்றான். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி அவளைத் தேடினான். கோபம் இருக்கிறதா என்று குழலி பார்த்தாள். இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது வடிந்துபோவதையும் பார்த்தாள். அவள் உட்காரவில்லை.

அவன் கையைத் தாழ்த்தினான். கூட்டம் அடங்கியது.

"ஆமா," என்றான். மேடைக் குரல் இல்லை. வீட்டில் பேசுகிற குரல். "நான்தான், குழலி."

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் இருந்த மன்றத்துக்காரர்களில் ஒன்றிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பொன்னியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாமா நீ, ஜெயிச்சுட்டு நின்னு அழுவுறே?"

"சும்மா இருக்கா," என்றாள் குழலி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு இன்னும் இன்னாவோ சொல்ல வராரு. கேக்கணும்."