வாய்க்காலைத் தாண்டும்போது

இமெல்டாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டம். ஜெர்மனியின் பீலெஃபெல்ட்டில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. வார நாட்கள் இயந்திரச் சத்தத்தோடு போய்விடும். கணவர் பிரிந்து லண்டன் போய் ஆறு வருஷம். மகள் தொலைவில் படிக்கிறாள். ஐம்பத்தொரு வயதில் அம்மா வேட்டை உரிமத்துக்கான பரீட்சை எழுதிப் பாஸானதை அவள் நம்பவேயில்லை.

பரீட்சை பாஸானாலும் வயலில் நின்று பழக்க ஓராள் வேண்டும். தேவாலயத்தில் தெரிந்த யாகோப்பு அண்ணை ஒத்துக்கொண்டார். மன்னார்க்காரர். ஒரு ஜெர்மன் கமக்காரரின் வயல்களில் இருபது வருஷமாகக் காட்டுப்புறா சுடுகிறவர்.

முதல் மூன்று ஞாயிறும் அவர் அவளைத் துப்பாக்கியில் தோட்டா போடவே விடவில்லை.

"புறாவுக்குப் பின்னால வானம் தெரியவேணும். வேலியோ மரமோ தெரிஞ்சால் சுடாமல் விட்டிடும். வாய்க்கால் தாண்ட முன்னம் துவக்கைத் திறந்து தோட்டாவை வெளியில எடும். ஒருநாளும் மறக்கக்கூடாது."

நவம்பரில், நாலாவது ஞாயிறு, இமெல்டா முதல் புறாவை விழுத்தினாள். கையில் எடுத்தபோது சூடு ஆறவில்லை.

"நல்ல வெடி. உடன உயிர் போயிட்டுது," என்றார் அவர்.

அவளை யாரும் பாராட்டிக் கனகாலம்.

அடுத்த வயலுக்குப் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டியிருந்தது. அவள் தன் துவக்கைத் திறந்து தாண்டி, அந்தக் கரையில் நின்று திரும்பினாள். யாகோப்பு துவக்கை மூடியபடியே பாய்ந்தார். கால் சறுக்கியது. குழல் அவளுடைய வயிற்றுக்கு நேரே வந்து விலகியது.

"அண்ணை, துவக்கைத் திறவுங்கோ."

திறந்தார். உள்ளே இரண்டு தோட்டாக்கள் இருந்தன. அவற்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது முதல்தரம் இல்லை," என்றார். "போன கிழமையும் வேலி தாண்டேக்க இப்பிடித்தான். தனிய வந்தபடியால் ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப எனக்கு மறதி கூடிப்போச்சு."

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"இனி நீங்கள் துவக்கு எடுக்கக்கூடாது, அண்ணை."

"ஓம்," என்றார்.

அந்தக் கிழமையே அவர் துவக்கை விற்று, அனுமதிப் பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்தார். சுடாவிட்டாலும் கூட வாருங்கள் என்று இமெல்டா இரண்டுதரம் கேட்டாள். "வெறுங்கையோட நிக்க ஏலாது," என்றார். கமக்காரரிடம் மட்டும் அவளைத் தன் வயல்களில் சுட விடும்படி சொல்லிவைத்தார்.

ஜனவரியில் அவள் தனியே போனாள். பத்து மணிவரை ஒரு புறாவும் வரவில்லை. யாகோப்புக்குப் போன் எடுத்தாள்.

"காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"மேற்கால, அண்ணை."

"அப்ப காட்டோரமாய்ப் போய் நில்லும்."

அவருடைய வீட்டில் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

"சரி, வைக்கிறன்," என்றார்.

இமெல்டா காட்டோரத்துக்கு நடந்தாள். மத்தியானம்வரை அங்கேயே நின்றாள்.