குமரன் காட்டின படம்

சோறு திங்கிற மேசையில ரத்தத்தைப் பத்திப் பேசினா எனக்குப் பத்திக்கிட்டு வரும். தேக்காவுல என் பரோட்டாக் கடைக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை மத்தியானம், கூட்டம் நெரியுற நேரத்துல, என் தம்பி குமரன் அதைத்தான் பேசிக்கிட்டு இருந்தான். உலகத்துலேயே ரொம்பக் கொடூரமான படம் எதுன்னு பட்டிமன்றம். உசுரோட தலையை ரம்பத்தால அறுக்கிற படம் ஒண்ணு இருக்காம், அதை மிஞ்ச ஆளே இல்லையாம். எதிர்ல இருந்த ஹுசைன் ஒத்துக்கவே இல்ல. ஒருத்தனைப் பூட்டிவச்சு ஒவ்வொரு விரலா நறுக்குற படம்தான்னு ஒத்தக்கால்ல நின்னான். வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்கடா, மத்தவங்களுக்குக் குமட்டுதுன்னு நான் கரண்டியோட கத்திக்கிட்டு இருந்தேன். யார் காதுல ஏறுது?

குமரன் குவீன்ஸ்டவுன்ல இருக்கான், ஒரு கட்டுமானக் கம்பெனியில சேஃப்டி சூப்பர்வைசர். ஹுசைன் அதே கம்பெனியில லாரி ஓட்டுறவன். அவன் பக்கத்துல உக்காந்து பரோட்டாவைப் பிச்சுப் பிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தவன் சின்னராசு. வெளிநாட்டு வேலையாளுங்க தங்குற கிராஞ்சி டார்மிட்டரியில ஹுசைனுக்கு அடுத்த கட்டில், வேற கம்பெனி. போன தீபாவளிக்கு அப்புறம்தான் புதுக்கோட்டைப் பக்கத்துல இருந்து வந்தான்.

அவன் அண்ணனும் இங்க வேலை பார்த்தவன்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பட்டறையில இரும்புத் தகடு விழுந்து செத்துப்போனான். கம்பெனிக்காரங்க ஊருக்கு போன் போட்டு, அந்த நிமிஷமே உசுரு போயிடுச்சும்மா, வலிகூடத் தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்தம்மா இன்னும் சோறு திங்குது. கடையில இருந்து பேசிட்டு அவன் என்கிட்ட போனைக் குடுக்கும்போதெல்லாம், எம்புள்ள வேதனைப்படாமப் போயிட்டான் தாயின்னு தவறாமச் சொல்லும். சின்னராசுவே ஒருநாள் சொன்னான், அந்த வார்த்தை போச்சுன்னா எங்கம்மாவும் போயிரும்க்கான்னு. எல்லாம் குமரனுக்கும் தெரியும். அவன் மண்டையில எது நின்னிருக்கு?

நீ பார்த்ததுல எதுடா ரொம்பக் கொடூரம்னு சின்னராசுவை நோண்டுனாங்க. அடிதடிப் படமே பாக்குறதில்லன்னான் அவன். பயந்தாங்கொள்ளின்னு ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சிரிச்ச கையோட குமரன் பையில இருந்து போனை எடுத்தான்.

"சினிமா எல்லாம் சும்மா லா. நெஜத்தைப் பாரு."

புதுசா வர்ற ஆளுங்களுக்குச் சேஃப்டி கிளாஸ்ல போட்டுக் காட்டுறதாம். எந்தக் கம்பெனிது, யார் எடுத்ததுன்னு அவனுக்கே தெரியாது. கைமாறிக் கைமாறி வந்தது. நானும் எட்டிப் பாத்துத் தொலைச்சேன். கேமராவுல பதிஞ்ச படம், சத்தம் இல்ல. ஹெல்மெட் போட்ட ஒருத்தன் வலது பாதத்தை வெளியே தள்ளித் தள்ளி நடந்து வர்றான். மேல தொங்குன தகடு கொக்கியில இருந்து நழுவி விழுது. இடுப்புக்குக் கீழ ஆளைக் காணோம். செத்துட்டான்னுதான் நினைச்சேன். கை எழும்புச்சு. யாரையோ கூப்பிடுற மாதிரி அசைஞ்சுச்சு. விழுந்துச்சு, மறுபடி எழும்புச்சு. ஒருத்தனும் வரல. அடுப்புல பரோட்டா கருகுற வாசனை வந்தும் திருப்பிப் போட நான் போகல.

"திரும்பப் போடுங்கண்ணே," என்றான் சின்னராசு.

பயந்தாங்கொள்ளிக்கு ருசி கண்டுடுச்சு பாருன்னு குமரன் சிரிச்சுக்கிட்டே மறுபடி போட்டான். அந்த ஆளு நடந்து வர்ற இடத்துலயே சின்னராசு கண்ணு நின்னு போச்சு. அப்புறம் ஓரத்துல இருந்த தேதியை விரலால தொட்டான்.

"எங்க அண்ணன்," என்றான். எழும்புற அந்தக் கையைக் காட்டி, "உடனே போகலையே," என்றான்.

குமரன் முதுகுல ரெண்டு வச்சேன், கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. அவன் தடுக்கக்கூட இல்ல. மூஞ்சி சாம்பல் பூத்துப்போய், அழிச்சிடுறேன், இப்பவே அழிச்சிடுறேன்னு போனைத் தட்டிக்கிட்டு இருந்தான்.

சின்னராசு அழல. யாருக்காவது அனுப்பியிருக்கீங்களாண்ணேன்னு மட்டும் கேட்டான். அனுப்பிட்டேன்டான்னான் குமரன். படம் பாக்குற பசங்களுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. காலையில அங்கேயும் இதே வாக்குவாதம் நடந்திருக்கு. இதை மிஞ்ச எவன்கிட்டடா இருக்குன்னு அங்க போட்டிருக்கான் பாவி. பாதிப் பேரு புதுக்கோட்டைப் பசங்க. ஹுசைன் அவசர அவசரமாப் பாத்துட்டு, அதுல ஒருத்தன் ஊர் குரூப்புக்கே தள்ளிவிட்டுட்டான்னு சொன்னான்.

சின்னராசு போன் அடிச்சுது. அம்மா. எடுக்காதடான்னு நான் சொல்றதுக்குள்ள எடுத்துட்டான். பரோட்டா எண்ணெய் வழுக்கி விரல் எங்க பட்டுச்சோ, அந்தம்மா குரல் ஸ்பீக்கர்ல எங்களுக்கும் கேட்டுச்சு.

"ராசு, ஒரு வீடியோ வந்திருக்குப்பா. கண்ணாடி போட்டும் சரியாத் தெரியல. அதுல வர்ற பையன் நம்ம பெரியவன் மாதிரியே நடக்குறானே, அது என்னப்பா?"

சின்னராசு எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்தான்.

"சினிமாம்மா," என்றான். "இங்க எடுத்த படம். அந்த ஆளு நடிகரு."

"சினிமாவா? நெஞ்சே நின்னுபோச்சு சாமி," என்று அந்தம்மா பெருமூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டுச்சு. "பாவம்ப்பா, கையக் கைய ஆட்டிக் கூப்பிடுது. ஒரு சனமும் வரல. பாதியில நின்னுபோச்சு, மிச்சம் வரல. கடைசியில அந்தப் புள்ளையைக் காப்பாத்திருவாங்கல்ல?"

சின்னராசு ஸ்பீக்கரை அணைச்சுட்டுப் போனைக் காதுல வச்சுக்கிட்டான்.

"காப்பாத்திருவாங்கம்மா," என்றான்.