மருமகள் தீட்டிய கத்தி

மருமகள் ரோசரி அவருடைய பழைய சவரக்கத்தியோடு எதிரே வந்து உட்கார்ந்ததும் அற்புதசாமிக்கு நெஞ்சு திக்கென்றது.

பாலக்கரை வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். மகன் ஆசீர் கைலாசபுரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். பக்கவாதம் வந்ததிலிருந்து அற்புதசாமிக்கு வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் குழறியது. இந்தப் பெண் வேண்டாமென்று மகனின் கல்யாணத்துக்கே போகாதவர் அவர். இன்று அவள் கையால்தான் கஞ்சி. ஊட்டுகிறவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குச் சந்தேகம். அதற்குள்ளாகவா மறந்திருப்பாள்?

"பிளேடு போட்டா கொப்புளம் வருது மாமா. உங்க கத்தியவே தீட்டிடறேன். போன்ல பாத்து வச்சிருக்கேன்."

தண்ணீர் தெளித்த கல்லில் கத்தியை இழுத்தாள். கரக், கரக். அவருக்குப் பல் கூசியது. கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடிக்கிறாள், கூர் மழுங்கிவிடும். அந்தக் கத்தியாலா கழுத்தைத் தொடப்போகிறாள்? தெரியாமல் செய்கிறாளா, தெரிந்தேதானா?

பொறுக்கமாட்டாமல் இடது கையை நீட்டினார். அவள் சட்டென்று பின்வாங்கிக் கத்தியை மடக்கினாள்.

"கத்திய மட்டும் கேக்காதீங்க மாமா. அன்னைக்கு, செத்தா தேவலைன்னு அழுதீங்கள்ல? உங்க கைக்கு எட்டாம வைக்கச் சொல்லியிருக்காரு அவரு."

அற்புதசாமி திகைத்துப்போனார். தான்தான் அவளைக் கண்காணிப்பதாக நினைத்திருந்தார். அவளும் தன்னை நம்பவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

"மு... முது..."

"முதுகு வலிக்குதா?" அவசரமாகத் தலையணையை அவருக்குப் பின்னால் செருகினாள்.

எரிச்சலோடு தலையை ஆட்டிக் கத்தியைக் காட்டினார். உள்ளங்கையைத் தொடையில் தட்டையாக வைத்து இழுத்தார்.

"ஓ, கத்தியோட முதுகா? படுக்க வைக்கணுமா?"

முதுகும் கூரும் ஒருசேரப் படிய மெல்லத் தள்ளினாள். சரியாக வரவில்லை, மறுபடி கரகரத்தது. கத்தியைத் திருப்பி, விரலின் பிடியைத் தளர்த்தினாள். சத்தம் அடங்கியது.

"இப்ப கல்லோட ஒட்டிக்கிட்டு வருது மாமா! கூர் பக்கத்துல இருக்கிற சின்ன சரிவு கல்லுல உக்கார்றது விரலுக்கே தெரியுது."

கடைசியில் தோல்வாரில் இழுத்து, தன் முன்கை முடியில் வைத்துப் பார்த்தாள். சிரமமில்லாமல் வழித்தது.

நுரை பூசி, கத்தியைக் கழுத்தருகே கொண்டுவந்தபோது அவருக்குப் பழைய பயம் எழுந்தது. இடது கையால் அவள் துப்பட்டாவைப் பற்றினார்.

"பிடிச்சுக்கங்க. வேணாம்னு தோணினா இழுங்க, நிறுத்திடறேன்."

கண்ணை மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி தாடையில் வழுக்கி இறங்கியது. வழித்து முடியும்வரை அவர் பிடியை விடவில்லை, ஒருமுறைகூட இழுக்கவுமில்லை.