கயிற்றில் கட்டிய ஜன்னல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டு நான் திருதிருவென்று விழிக்க வேண்டாம்.

சின்னமனூரிலிருந்து கம்பம் போகிற பஸ் ஒன்று நடுவழியில் பஞ்சராகி நின்றது. டீ குடிக்கலாம் என்று இறங்கி நடந்தேன். ஒரு மாதா கோயில். அதன் வாசலிலிருந்து நேராக ஒரு தெரு. இரண்டு பக்கமும் ஒரே சாயலில் பழைய மாடி வீடுகள். வரிசையில் ஓரிடம் மட்டும் காலி மனையாகக் கிடந்தது. அந்த மனையில் சவுக்குக் கம்புகளை நட்டு, கம்புக்குக் கம்பு கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் கயிறு ஒரு வீட்டின் உருவத்தைக் காட்டியது. மாடி உயரத்தில் நாலு கயிறு சேர்ந்து ஒரு சதுரம், மூலைக்கு மூலை சிவப்புத் துணி. எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் நின்று அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி காயப்போட வந்தவள் மாதிரித் தெரியவில்லை.

“புது வீடு வரப் போகுதுங்க. கீழ கடை, மேல குடியிருப்பு. இங்கன கட்டணும்னா மொதல்ல இப்பிடிக் கயிறு கட்டிக் காட்டணும். தெருக் கமிட்டி பாத்துச் சரின்னு சொன்னாத்தான் அஸ்திவாரம்” என்றார் டீக்கடைக்காரர்.

“அந்தச் சதுரம்?”

“அதுதான் மாடி ஜன்னல்.”

“எதிர் வீட்டு அம்மா?”

“டீச்சரு. அவுகளும் கமிட்டிதான்.”

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை.*

(* பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்தப் பெண் ஏன் பார்த்தாள் என்பதும் தெரிந்திருக்கும். அது வேறு ஏதாவது சாதாரணக் காரணமாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘மேகமலையில் மேகம் இறங்கிய அந்த இளங்காலையில், பாரம்பரியப் பெருமை மிக்க அத்தெருவானது…’

[அடித்துவிட்டேன். லாட்ஜ் விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

அப்புறம் இப்படி:

‘தொன்மையான தெருக்களில் கீழ்த்தளம் வணிகத்துக்கும் மேல்தளம் குடியிருப்புக்குமாக எழும் புதிய கட்டடங்களின் வடிவமைப்பைப் பரிசீலிக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டிய…’

[இதையும் அடித்தேன். விஷயம் என்னவோ இதுதான். ஆனால் நீங்கள் இந்நேரம் கொட்டாவி விட்டிருப்பீர்கள்.]

மூன்றாவதாக எழுதியது ஒரே வரி: ‘அனிதா மேரிக்கு அந்த ஜன்னல் வேண்டும்.’

இதை வைத்துக்கொண்டேன்.

3

அனிதா மேரி கணக்கு டீச்சர். ஐம்பதை நெருங்குகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். அண்ணன் குடும்பத்தோடு திருப்பூரில். கீழ்த்தளத்தை ஜெராக்ஸ் கடைக்கு விட்டுவிட்டு மாடியில் தனியாக இருக்கிறாள்.

தெருக்கோடியில் யாரோ ஒருவர் பழைய வீட்டை இடித்து முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி போட்டு ஒரு செல்போன் கடை கட்டினார். திருவிழாச் சப்பரம் அந்தப் பக்கம் திரும்பும்போது மாதாவின் முகமே நீலமாகத் தெரிந்தது. அந்த வருஷம்தான் மாதா கோயில் பங்கு மக்கள் கூடிக் கமிட்டி போட்டார்கள். பேரூராட்சியும் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டது. விதிகளை அனிதா மேரிதான் எழுதினாள். முகப்பில் பழையபடி செங்கல் தூண் வேண்டும். உயரம் கோயில் மணிமாடத்தைத் தாண்டக் கூடாது. கடை போர்டு வாசல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. பால்கனி சப்பரத்தில் இடிக்கக் கூடாது. கடைசியாக: எதிர் வீட்டு ஜன்னலுக்கு நேராக ஜன்னல் வைக்கக் கூடாது, எதிர் வீட்டார் சம்மதித்தால் ஒழிய.

இந்தக் கடைசி விதி அவள் கண்டுபிடித்தது இல்லை. தெருவுக்கு மனை பிரித்துக் கொடுத்த அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் அப்படித்தான் பிரித்திருந்தார். எந்த ஜன்னலுக்கு எதிரேயும் சுவர்தான் வரும். குடும்பப் பெண்கள் வீட்டுக்குள் நிம்மதியாக நடமாட வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அனிதா மேரி ஜன்னலைத் திறந்த நாளிலிருந்து பார்த்தது ஒரு சுவர். இடது பக்கம் எட்டிச் சாய்ந்தால் மட்டும் எதிர் வீட்டு ஜன்னலின் ஓரம் தெரியும். சாயங்காலங்களில் அதில் ஒரு முழங்கை ஊன்றியிருக்கும்.

அவள் அந்த முழங்கையைக் காதலித்தாள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எனக்கும் வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

4

முழங்கைக்காரன் பெயர் இமானுவேல். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. கிறிஸ்துமஸ் பஜனைக்குத் தெருத் தெருவாக வரும்போது டிரம் அடிப்பான். படித்து முடித்ததும் ஏலக்காய் வியாபாரத்துக்கு வண்டன்மேடு போனான். போவதற்கு முன்னால் கோயில் வாசலில் வைத்து “போயிட்டு வர்றேன்” என்றான். அவள் “சரி” என்றாள். மொத்தக் காதலும் அவ்வளவுதான்.

அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். முதலில் எழுதிய படியில் அவன் மனைவி உயிரோடு இருந்தாள். இரண்டாம் படியில் அவளைக் காய்ச்சலில் சாகடித்தேன். வசதிக்காக ஒரு பெண்ணைச் சாகடிக்கிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் அப்படியே விட்டிருக்கிறேன். ஏழு வருஷமாக அவன் தனி ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தெருவிலிருந்த அவன் சொந்த வீடு ஒரு மழையில் சரிந்தது. அந்த மனையில் கீழே ஏலக்காய்க் கடையும் மேலே வீடுமாகக் கட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிடத் தீர்மானித்தான். தேனியிலிருந்து திலீபன் என்ற இஞ்சினியர் பையன் பிளான் போட்டான். பிளான் கமிட்டிக்கு வந்தது.

கமிட்டித் தலைவர் பங்கிராஸ். திராட்சைத் தோட்டக்காரர். பேசினால் பந்தலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் கேட்கும்.

“ஏன் தம்பி, தூணு எங்க? தூணையே காணமே.”

“முகப்பு எலிவேஷன்ல இருக்குங்கய்யா. இது வெறும் தளப் படம்.”

“ஷட்டர் போடப் போறீகளா? பலகக் கதவு மாதிரித் தெரியணும்னு விதியில இருக்கே.”

“மேல மரம் ஒட்டிரலாம்ங்கய்யா.”

“ஒட்டுறதெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது.”

ஷட்டரிலும் போர்டிலும் பேச்சு சுற்றிக்கொண்டிருக்க, அனிதா மேரி மட்டும் மாடிப் படத்தைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, அளவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பழைய வீட்டில் ஜன்னல் இருந்த இடத்தில் சுவர். சுவர் இருந்த இடத்தில் ஜன்னல். தன் ஜன்னலுக்கு அச்சு அசலாக நேர் எதிரே.

விதியை எழுதியவள் அவள். அவள்தான் முதலில் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு திலீபனைத் தனியாகப் பிடித்தாள்.

“இந்த ஜன்னல இங்கன வைக்கச் சொன்னது யாரு?”

“இமானுவேல் சார்தான் மேடம். ஆடிக் காத்து நல்லா வரணும்னாரு.”

5

இந்த இடத்தில் நான் கொஞ்ச நாள் கதையை மூடி வைத்துவிட்டேன்.

காற்றுக்காகத்தான் இருக்கலாம். ஆனியிலும் ஆடியிலும் இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். மனை மேற்குப் பார்த்தது. பழைய இடத்தைவிட நாலடி தள்ளி வைத்தால் காற்று நேராக உள்ளே வரும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கலாம். வியாபாரி, ஏலக்காய் வைத்திருக்கிற வீடு, காற்றோட்டம் கேட்பது நியாயம்தான்.

அதற்காக இல்லாமலும் இருக்கலாம்.

அவளிடம், ‘போய் அவனிடமே கேட்டுவிடேன்’ என்றேன். எப்படிக் கேட்பாள்? ‘ஏன் அங்கே ஜன்னல்’ என்று கமிட்டிக்காரியாகக் கேட்டால், விதியைச் சொல்லிக் கேட்கிறாள் என்று நினைத்து அவன் மாற்றிவிடுவான். ‘எனக்காகவா’ என்று கேட்டால், அதற்குப் பிறகு அவள் மறைத்து வைக்க எதுவும் மிச்சம் இருக்காது. பதில் ‘இல்லை’ என்று வந்துவிட்டால் அதே தெருவில், அதே கோயிலில், தினம் தினம் அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

கயிறு கட்டினார்கள். பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை மாடியில் நின்று அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். அதற்குள் வானம்தான் இருந்தது. எப்போதாவது ஒரு காக்கை. அந்த நாலு கயிற்றுக்குள் ஒரு ஆள் நின்று, ‘என்ன சாப்பிட்ட?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. இந்த வயசில் இது என்ன ஆசை என்று தன்னையே திட்டிக்கொண்டாள், மறுநாளும் போய் நின்றாள்.

[இங்கே ‘அவள் கண்கள் பனித்தன’ என்று ஒரு வரி இருந்தது. அவள் அழவில்லை. நான்தான்…]

6

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி மனைக்கு வந்தது. பங்கிராஸ் சப்பர உயரத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி எடுத்து வந்திருந்தார். அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார், பால்கனிக் கயிற்றில் இடிக்கிறதா என்று பார்க்க. இடிக்கவில்லை. தூண் சரி. உயரம் சரி. கயிறு கட்டப் போட்டிருந்த சாரத்தில் இமானுவேல் ஏறி நின்று தொய்ந்த கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். கீழே கயிறு இறுக்குகிற ஆளிடம் “மதி, மதி” என்றான். போதும் என்று அர்த்தம். கேரளா மலையில் இத்தனை வருஷம் இருந்ததில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பங்கிராஸ் அண்ணாந்து பார்த்தார். எதிர்ப்பக்கம் திரும்பினார். மறுபடியும் பார்த்தார்.

“ஏலே திலீபா, என்னலே இது? டீச்சர் ஜன்னலுக்கு நேரால்ல வருது!”

“காத்துக்காகங்கய்யா…”

“காத்துக்குன்னா விதி கிடையாதா? எதிர் வீட்டுக்காரவுக சம்மதிச்சாத்தான் ஆச்சு.” அனிதா மேரி பக்கம் திரும்பினார். “டீச்சர், இங்கன இருந்து ஒண்ணும் தெரியாது. மேல போயி நின்னு பாத்துச் சொல்லுங்க. வேணாம்னா நாலடி தள்ளச் சொல்லிருவோம்.”

அவள் போனாள். ஜெராக்ஸ் கடையைத் தாண்டிப் படியேறினாள். ஜன்னல் கதவைத் திறந்தாள்.

எதிரே, கயிற்றுச் சதுரத்துக்குள் இமானுவேல் நின்றான். தலை நரைத்திருந்தது. ஒரு கையால் கயிற்றின் மூலையைப் பிடித்திருந்தான். இடையில் தெரு அகலம் மட்டும்தான். அவனை முழுசாக, எட்டிச் சாயாமல், நேருக்கு நேராக அந்த ஜன்னலிலிருந்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“டீச்சர்!” கீழேயிருந்து பங்கிராஸ். “தள்ளச் சொல்லவா, இருக்கட்டுமா?”

7

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் அவள் “தள்ளச் சொல்லுங்க” என்கிறாள். விதி ஜெயிக்கிறது, தெருவின் அழகு காப்பாற்றப்படுகிறது, கமிட்டி டீ குடிக்கப் போகிறது. எதிரே புதிய சுவர் எழும்புகிறது, பழையதைவிட வெள்ளையாக. அவள் சாய்ந்து பார்க்கப் பழகியவள்தான். [பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.]

இரண்டாவதில் “இருக்கட்டும்” என்கிறாள். வீடு வருகிறது, ஜன்னலும் வருகிறது. முதல் கோடையிலேயே இமானுவேல் அதில் ஏசி பெட்டியை வைத்து அடைத்துவிடுகிறான். பாவி, நிஜமாகவே காற்றுக்காகத்தான் கேட்டிருக்கிறான். [இதை எழுதிவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.]

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கதையை முடித்திருக்கலாம். அனிதா மேரி விடவில்லை. ஜன்னல் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்:

“இமானுவேல், நெசத்தச் சொல்லுங்க. இந்த ஜன்னல் காத்துக்கா, எனக்கா?”

தெரு முழுக்கக் கேட்டது. பூசை முடிந்து போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஜெராக்ஸ் மெஷின் சத்தம் நின்றது. திலீபன் பிளானைத் தூக்கிக் காட்டி, “காத்துக்குத்தான் மேடம், நான் அன்னைக்கே…” என்று ஆரம்பித்தான்.

“நீ சும்மா இருலே” என்றார் பங்கிராஸ். அவர் குரல் அவ்வளவு மெதுவாக ஒலித்து யாரும் கேட்டதில்லை.

இமானுவேல் கீழே தெருவைப் பார்த்தான். கூடி நிற்கிற அத்தனை முகங்களையும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அவன் பதிலை நான் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. அவனுக்காக ஒரு பொய்யான ‘ஆமாம்’ எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அவள் அப்படி ஒன்றுக்காகக் கேட்கவில்லை. உண்மையான ‘இல்லை’யை எழுதுகிற தைரியமும் எனக்குக் கிடையாது.

ஆகவே பதில் உங்கள் பொறுப்பு. யாரையாவது அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள், அல்லது யாராவது உங்களைப் பார்த்து நின்றிருப்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ரொம்ப யோசிக்காதீர்கள். ஊர் பார்க்க ஒரு பெண் கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள்.